பெட்டிக்குப் பொருத்தமான விமானம்

தண்ணீர் குடிப்பவர்கள் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போனால் விமானம் உங்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும் என்று மிரட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கதையில் வரும் விமானம் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. நிதானமாகவே வாருங்கள், கண்ணுகளா.

தி.நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சண்முகசுந்தரத்துக்கு மேட்சிங் சென்டர் இருக்கிறது. ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ். நீங்கள் புடவையைக் கொண்டுபோய் மேஜையில் விரித்தால் போதும். மனிதர் ஒரு தரம் பார்ப்பார், திரும்புவார், அடுக்கிலிருந்து ஒரு துணியை உருவிப் பக்கத்தில் போடுவார். “வாசல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா” என்பார். பொருந்தியிருக்கும். உலகத்தில் எதற்கும் பொருத்தமான இன்னொன்று எங்கேயோ ஓர் அடுக்கில் இருக்கிறது, எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். பாவம், அவர் அதுவரை எந்தப் பேரவைக்கும் போனதில்லை.

அவருடைய மனைவி இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எதற்கும் அசராதவள். தீபாவளிக் கூட்டத்தில் கடையில் தனியாக நின்று வியாபாரம் பார்ப்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம், விமானம். உயரம் அல்ல. எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. ஊருக்குப் பகல் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம் என்று ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவாள்.

“வானத்துல எவன் போர்டு நட்டு வச்சிருக்கான்?” என்பாள். “நான் வரல.”

சிங்கப்பூரில் இருக்கும் மகள் பூஜாவுக்குத் தலைப்பிரசவம். பிரயாணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய்வீடு வரமுடியாதென்றால் தாய்தான் போகவேண்டும். பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசா வந்துவிட்டது, பிரசவ மருந்துக்குச் சாமான் எல்லாம் இடித்துச் சலித்துக் கட்டியாகிவிட்டது. டிக்கெட் என்று வாயெடுத்தால் மட்டும் இசக்கியம்மாள் எழுந்து போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். “நீ வருவேல்லாம்மா?” என்று பூஜா போனில் கேட்கும்போது, “வாரேன்டி, வாரேன்டி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டு அழுவாள்.

மருமகன் மகேஷ் ஒரு வழி சொன்னார். அவருக்குக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்கு உண்டு. சிமுலேட்டர் என்று பெயர். முன்னால் திரை, கையில் ஸ்டியரிங் மாதிரி ஒன்று. பறப்பதெல்லாம் திரையில் நடக்கும், நாற்காலி தரையிலேயே இருக்கும். அதில் மாட்டுகிற புதுமாதிரி ஜி.பி.எஸ். பெட்டி ஒன்றை நண்பர் மூலம் கொடுத்தனுப்பினார். கறுப்புப் பெட்டி, தொட்டால் வேலை செய்யும் திரை, ஓரத்தில் ஒரு திருகு.

“மாமா, அத்தையை ஒரு தடவை தரையிலயே பறக்க வச்சிடுங்க. எந்த இடத்துக்கு மேல போறோம்னு இது காட்டிக்கிட்டே வரும். தி.நகர், அடையாறுன்னு பேரெல்லாம் நானே ஏத்தி வச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, இது எல்லா விமானத்தோடயும் சேராது. பெட்டி சொல்றதைக் கேக்குற விமானமா பாத்து எடுக்கணும்.”

“எது கேக்கும், எது கேக்காதுன்னு நீங்களே சொல்லிருங்களேன் மாப்பிள்ளை.”

“அங்க சென்னையில சிமுலேட்டர் வச்சிருக்கவங்ககிட்ட என்னென்ன விமானம் இருக்குன்னு எனக்குத் தெரியாதே மாமா. அபிராமபுரத்துல அவங்களுக்குன்னு ஒரு பேரவை இருக்கு. போய்க் கேளுங்க. ஒரு நிமிஷ வேலை.”

மகேஷும் எந்தப் பேரவைக்கும் போனதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சண்முகசுந்தரம் பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்கள் புடவையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு வருவார்களே, அப்படி.

தென்சென்னை மெய்நிகர் வானோடிகள் பேரவை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் செயலாளர் சுப்புலக்ஷ்மி. காதில் பெரிய ஹெட்போன், அதன் மைக் வாயோரம். மல்லிகைப்பூ ஹெட்போனுக்கு மேலாக வழிந்துகொண்டிருந்தது.

“இறங்க அனுமதி கேட்டேளா?”

“ஏறித்தானேம்மா வந்திருக்கேன்” என்றார் சண்முகசுந்தரம், மூச்சு வாங்க.

“கோபுரத்தைக் கேக்காம யாரும் உள்ள வரப்படாது. ஒரு நிமிஷம் இருங்கோ.” அவர் சமையலறைக்குள் போனார். கட்டுப்பாட்டுக் கோபுரம் அங்கேதான் இருந்தது, அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவில். மைக்கில் குரல் வந்தது. “வந்திருக்கும் பயணிக்கு அனுமதி வழங்கப்பட்டது. செருப்பை ஹேங்கர்ல விடுங்கோ.” விமானக் கொட்டகையான ஹேங்கர் என்பது வாசலோரச் செருப்பு அலமாரி.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டிரண்டாக, நடுவில் வழி விட்டுப் போடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இடுப்புப் பட்டை தைத்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் எல்லாரும் பட்டை போட்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில் ஏதோ ஒன்று பட்டு வேட்டியால் போர்த்தப்பட்டிருந்தது. அதுதான் விமானத்தின் முன்பகுதி என்று பக்கத்து நாற்காலிக்காரர் கிசுகிசுத்தார்.

தலைவர் விஜயராகவன் எழுந்தார். பெரிய அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடுகள். நிஜ விமானக் கேப்டனுக்கு நாலு கோடு. இவருக்கு அதற்குமேல் இருந்தன. மிச்சக் கோடுகள் நிர்வாகத்துக்காம். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றே அழைத்தார்கள்.

“நமது பேரவை தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு விபத்துகூட நேர்ந்ததில்லை” என்று தொடங்கினார் கேப்டன். கைதட்டல். “உலகத்தில் எந்த விமான நிறுவனமும் நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்ல முடியாது. இதற்குக் காரணம் நமது நிதானம். முறையாகத் தீர்மானம் போடாமல் நாம் ஒரு விமானத்தையும் தரையிலிருந்து எழுப்பியதில்லை. தீர்மானம் இன்னும் நிறைவேறாததால், எழுப்பவே இல்லை.”

மறுபடியும் கைதட்டல். சண்முகசுந்தரமும் தட்டினார். தட்டாவிட்டால் இறக்கிவிடுவார்களோ என்று பயம்.

அவர் முறை வந்தபோது எழுந்து, பட்டையோடு நாற்காலியும் கூடவே எழ, மறுபடி உட்கார்ந்து, பட்டையைக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்து விஷயத்தைச் சொன்னார். மகள், பிரசவம், மனைவி, பயம், எல்லாம். “இதுக்குப் பொருத்தமா ஒரு விமானம் காட்டினீங்கன்னா போதும். பக்கத்துல வச்சுப் பாத்துட்டுப் போயிருவேன்.”

பெட்டி கைமாறிக் கைமாறி எல்லா வரிசைக்கும் போய்வந்தது. ஒருவர் தட்டிப் பார்த்தார். ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார்.

“எந்த வருஷத்துப் பெட்டி?” என்றார் கேப்டன்.

“போன வருஷம் வந்ததுன்னு மாப்பிள்ளை சொன்னாரு.”

“சின்ன வயசு.” கேப்டன் தலையை ஆட்டினார். “நம்மகிட்ட டகோட்டா இருக்கு. எண்பது வயசுக்கு மேல. அதுதான் விமானம். முன்னால பூரா கடிகாரம் மாதிரி முள்ளும் வட்டமும். மத்ததெல்லாம் ரெக்கை வெச்ச டிவி.”

இந்த இடத்தில் துணைத்தலைவர் சித்தார்த்தன் எழுந்தார். அடையாறுக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பேரவையில் இரண்டு கட்சி உண்டு. முள் கட்சிக்குக் கேப்டன், திரைக் கட்சிக்கு சித்தார்த்தன்.

“சார், டகோட்டாவைத் தானா ஓட்டற ஆட்டோபைலட் இந்தப் பெட்டி சொன்னா கேக்காது. இது பாட்டுக்குக் கோடு போட்டுக் காட்டும், அது பாட்டுக்கு நேரா போகும். புது ஜெட் ஒண்ணு நம்ம சிமுலேட்டர்ல இருக்கு. முன்னாடி முழுக்க ஸ்க்ரீன்.”

“நேரா போறதுல என்னய்யா தப்பு? முப்பது வருஷம் நான் ஆபீசுக்கு நேரா போனேன், நேரா ஆத்துக்கு வந்தேன். ஒரு மெமோ வாங்கினது கிடையாது.”

சண்முகசுந்தரத்துக்குச் சித்தார்த்தன் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. “தம்பி, அந்த ஜெட்டுல இந்தப் பெட்டியை மாட்டிரலாமா?”

“அதுல எதுக்கு அங்கிள் பெட்டி? அதுலயே எல்லாம் உள்ள இருக்கு. மேப்பும் காட்டும்.”

“அப்படின்னா அதையே காட்டிருங்களேன். எனக்கு மேப்புதானே வேணும்.”

“முடியாதே. உங்க கோரிக்கை பெட்டிக்கு விமானம் பாக்கற கோரிக்கை. பெட்டி இல்லாத விமானம்னா தனிக் கோரிக்கை. அது வேற குழு.”

டீ வந்தது. டீக்கு முன்னால், இருக்கை மேஜையை விரிக்கும்படி சுப்புலக்ஷ்மி அறிவித்தார். யாருக்கும் மேஜை இல்லை. எல்லாரும் விரிப்பது போலக் கையை அசைத்தார்கள்.

டீ குடிக்கும்போது சித்தார்த்தன் பக்கத்தில் வந்து நின்றார். “உண்மையைச் சொல்லணும்னா அங்கிள், நாலு பேர் உக்கார்ற சின்ன விமானம் ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு. அதுல முள்ளும் உண்டு, நடுவுல உங்க பெட்டிக்கு இடமும் உண்டு. பெட்டி திரும்புன்னா திரும்பும். கரெக்டா அதுதான் செட் ஆகும்.”

சண்முகசுந்தரத்துக்கு உயிர் வந்தது. “அதை எடுத்துருவோமே தம்பி!”

“யாராவது முன்மொழியணும்.”

“நீங்களே முன்மொழியுங்க.”

“நான் ஜெட் கட்சி அங்கிள். நான் எப்படி? அந்தப் பக்கம் டகோட்டா. அந்தச் சின்ன விமானத்துக்குன்னு பேச ஆளே இல்லை. பாவம்தான்.” உண்மையிலேயே பாவப்பட்டுவிட்டு, பிஸ்கட் எடுக்கப் போனார்.

கூட்டம் மறுபடி கூடியதும் பொருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சித்தார்த்தன் அதன் தலைவர். தலைவரானதும் அவருக்கு டகோட்டாவின் மேல் இருந்த எதிர்ப்பு மெல்லத் தணிந்தது. குழு வாராவாரம் கூடியது. பெட்டிவீட்டார் என்ற முறையில் சண்முகசுந்தரம் ஒவ்வொரு முறையும் போய்ப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியும் விமானமும் ஒரே மின்சாரத்தில் வாழுமா என்று ஒரு வாரம் பேசினார்கள். விமானம் மூத்தது, பெட்டி இளையது, முதலில் யாரை அறிவிப்பது என்று ஒரு வாரம். இதற்கிடையில் பூஜாவுக்குக் கால் வீக்கம் கண்டிருந்தது. “அம்மா டிக்கெட் போட்டாச்சாப்பா?” என்று கேட்டாள். “விமானம் பாத்துக்கிட்டு இருக்கோம்மா” என்றார் அவர். பொய் இல்லை.

ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். “மாப்பிள்ளை ஒரே வார்த்தைதான் சொன்னாரு. பெட்டி சொன்னபடி கேக்குற விமானமா பாருங்கன்னு.”

“மாப்பிள்ளை பேரவை உறுப்பினரா?” என்றார் கேப்டன்.

“இல்லீங்க. சிங்கப்பூர்ல இருக்காரு.”

“வெளிநாட்டுத் தலையீடு” என்று சொல்லிக் கேப்டன் வருத்தத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். “மிஸ்டர் சண்முகசுந்தரம், நான் மனசுவிட்டுச் சொல்றேன். ஒரு சின்னப் பெட்டி சொல்லி ஒரு பெரிய விமானம் திரும்பறதுன்னா, அப்புறம் கேப்டன்னு ஒருத்தன் எதுக்கு? பேரவைன்னு ஒண்ணு எதுக்கு? வழி தெரியறது பெரிசில்லை. வழியை யார் சொல்றாங்கறதுதான் பெரிசு.”

இந்த உரைக்குப் பின் டகோட்டா ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடி பிறந்துவிட்டால் புது முயற்சி கூடாது, ஆவணிக்குத் தள்ளலாம் என்று ஒருவர் சொன்னபோது சண்முகசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டார். ஆவணிக்குள் பேரன் பேத்தி யாராவது பிறந்து குப்புற விழுந்துவிடுவார்களே! மனமிரங்கி ஆனிக் கடைசி ஞாயிறு என்று வைத்தார்கள்.

மிச்சமிருந்தது பெட்டியை எங்கே மாட்டுவது என்பது. கேப்டனின் கண்ணெதிரே மாட்டினால் முள்களுக்கு அவமரியாதை என்று குழு முடிவு செய்தது. பயணி இருக்கைப் பக்கம், முழங்காலுக்குக் கீழே ஓட்டை போட உத்தரவாயிற்று. ஓட்டை போடப்படவேண்டிய பலகையையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலில் கபாலியின் மரப்பட்டறைக்குப் போனார் சண்முகசுந்தரம்.

“இன்னா நைனா, பொட்டி ஜோரா கீது” என்றார் கபாலி, சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு. “எங்க வெட்டணும்? மூஞ்சிக்கு நேராவா?”

“முட்டிக்குக் கீழ.”

“யாரு முட்டிக்கு?”

“பக்கத்து சீட்டுக்காரர் முட்டிக்கு.”

கபாலி சாக்குக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டார். “அப்போ ஓட்றவரு இன்னாத்த பாத்துகினு ஓட்டுவாரு?”

“முள்ளைப் பாத்து.”

“முள்ளு ரோடு காட்டுமா?”

“காட்டாது.”

“சர்தான். இன்னாவோ பண்ணுங்க. நான் இவுங்களாண்ட ஏற்கனவே ஒரு தபா கேள்வி கேட்டு, என்னையே ஒரு குயுவுல மெம்பரா போட்டுட்டானுங்கோ. மூணு மீட்டிங்கு போய் ஒக்காந்தேன். இன்னும் என்ன குயுன்னே தெர்ல.” இயந்திரத்தைப் போட்டு வெட்டிக் கொடுத்தார். வெட்டும்போது அளவு கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. சுற்றிலும் அட்டை மடித்துச் சொருகினார். “ஆடாது நைனா. ஆடினா ரெண்டு தட்டு தட்டு.”

ஞாயிற்றுக்கிழமை காலை. இசக்கியம்மாளை அழைத்துவருவதே பாடாகிவிட்டது. “கம்ப்யூட்டர்தானே, விழாதுலா?” என்று ஆட்டோவில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“விழாது இசக்கி. இவங்க விபத்தே பண்ணதில்லையாம்.”

பட்டு வேட்டி விலக்கப்பட்டது. குத்துவிளக்கை விமானத்துக்குள்ளேயே வைத்து ஏற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொருத்தக் குழுத் தலைவர் உரை. அந்த உரையில் சித்தார்த்தன், டகோட்டாவும் ஜி.பி.எஸ்.ஸும் பிறவியிலேயே ஒன்றுக்கொன்று ஏற்பட்டவை என்றார். கேப்டன் இடது இருக்கையில் அமர்ந்தார். வலது இருக்கையில் இசக்கியம்மாள், மடியில் கையைக் கோத்துக்கொண்டு. பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு சண்முகசுந்தரம். அவருக்குப் பின்னால் நிர்வாகக் குழு முழுவதும், பட்டை போட்டபடி.

சமையலறையிலிருந்து அனுமதி வந்தது. திரையில் மீனம்பாக்கம் ஓடுபாதை ஓடத்தொடங்கியது. இசக்கியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கேப்டன் ஸ்டியரிங்கை இழுத்தார். நம்புங்கள், விமானம் எழும்பியது! கேப்டனுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்திருக்கும்போல. “ஓ” என்றார்.

“இசக்கி, கண்ணைத் திற. முட்டிக்கிட்ட பாரு.”

திறந்தாள். பெட்டியில் பச்சையும் நீலமுமாகப் பூமி. நடுவில் குட்டி விமானம். அதற்கு முன்னால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, போகவேண்டிய வழி. கோட்டின்மேல் மகேஷ் ஏற்றிவைத்த பெயர்கள்.

“கிண்டி” என்று படித்தாள். கொஞ்சம் பொறுத்து, “சைதாப்பேட்டை. ஏங்க, இது அடையாறு ஆறுலா? வளைஞ்சு போவுது பாருங்க.” குரலில் இருந்த நடுக்கம் ஒவ்வொரு பெயருக்கும் குறைந்துகொண்டே வந்தது. “மயிலாப்பூர். கோயில் இங்கனதானே இருக்கும்? அடுத்தது சாந்தோம். அங்கன கோடு இடது பக்கம் திரும்புது. திருவல்லிக்கேணி, பெறவு நம்ம தி.நகர்.” அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சண்முகசுந்தரம் மனதுக்குள் டிக்கெட்டே போட்டுவிட்டார்.

அப்போதுதான் கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. நிகழ்ச்சி நிரலில் அது வானத்தில்தான் என்று இருந்தது. கேப்டன் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கூப்பிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

“ஏங்க” என்றாள் இசக்கியம்மாள். “சாந்தோம் வந்துட்டு. கோடு திரும்பிட்டு. நாம திரும்பலையே?”

எல்லாரும் பொன்னாடைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கடலுக்குப் போறோம்ங்க!”

கேப்டன் பொன்னாடையோடு திரும்பினார். திரையில் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. “கடல் எப்பவும் அங்கதாம்மா இருக்கு” என்றார் அன்போடு. “பதட்டம் வேண்டாம். பெட்டியில் தெரியும் கோடு ஆலோசனை மட்டுமே.”

“அன்னைக்கே சொன்னேன்” என்றார் சித்தார்த்தன் பின்னாலிருந்து. “பெட்டி சொன்னா டகோட்டா கேக்காதுன்னு. மினிட்ஸ் நோட்டுல இருக்கும்.”

“இல்லை” என்றது சமையலறை. “அன்னிக்கு நான் ரசம் கொதிக்கறதுன்னு எழுந்து போயிட்டேன்.”

“சாமி, கையால திருப்பிரக் கூடாதா?” என்றாள் இசக்கியம்மாள். “அந்தா, ஸ்டியரிங் உங்க முன்னாலதானே இருக்கு.”

கேப்டன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். உறுப்பினர்களைப் பார்த்தார். “திசை திரும்புவது கொள்கை முடிவு. நான் ஒருத்தன் எடுத்துட முடியாது. திரும்பலாம்னு முன்மொழியறவா யாரு?”

ஒருவர் முன்மொழிந்தார். இன்னொருவர், திரும்புவது என்றால் இடதா வலதா என்று திருத்தம் கொண்டுவந்தார். இடது என்பதில் அரசியல் வாடை வருவதாக மூன்றாமவர் ஆட்சேபித்தார். வாக்கெடுப்பு நடந்தது. பட்டை போட்டிருந்ததால் பின்வரிசை தூக்கிய கைகள் தெரியவில்லை என்று மறுவாக்கெடுப்பு. நடுவில் தயிர்சாதம் பரிமாறப்பட்டது. இசக்கியம்மாள் சாப்பிடவில்லை. முழங்காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி விமானம் கோட்டை விட்டு, சென்னையை விட்டு, பெயரே இல்லாத நீலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டி அவ்வப்போது “இடப்பக்கம் திரும்பவும்” என்று எழுதிக் காட்டியது. அதைக் கண்டவள் அவள் ஒருத்திதான்.

திரும்பலாம் என்ற தீர்மானம் நிறைவேறிய அதே நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றன.

“பெட்ரோல்?” என்றார் கேப்டன்.

“எரிபொருள் துணைக்குழு இன்னும் அமைக்கலை கேப்டன்” என்றார் சித்தார்த்தன்.

கேப்டன் ஸ்டியரிங்கை இப்போது பிடித்துக்கொண்டார். தீர்மானத்தின்படி இடப்பக்கம் திருப்பினார். விமானம் கீழ்ப்படிந்து, இடப்பக்கமாகத் திரும்பியபடியே வங்காள விரிகுடாவுக்குள் இறங்கியது. திரை நீலமாகி, பிறகு கறுப்பானது. பெட்டி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அட்டை நழுவி இசக்கியம்மாளின் காலில் விழுந்தது.

கேப்டன் எழுந்து பொன்னாடையைச் சரிசெய்தார்.

“தென்சென்னை மெய்நிகர் வானோடிகள் பேரவையின் முதல் பறத்தலில் இன்னுயிர் நீத்த அனைவருக்கும் அஞ்சலி செலுத்தும் வகையில், எல்லாரும் எழுந்து மௌனம் காப்போம்.”

எல்லாரும் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்தார்கள். இசக்கியம்மாளும் எழுந்தாள். செத்துப்போனவர்களில் தானும் ஒருத்தி என்று தெரிந்தும், எல்லாரும் நிற்கும்போது தான் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று தலையைக் குனிந்து நின்றாள். சுப்புலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நாட்டுப்பண்.

விசாரணைக் குழு அங்கேயே, மோர் குடித்து முடிப்பதற்குள் முடிவைச் சொல்லிவிட்டது. பறக்கும் நேரத்தில் பயணி விமானியிடம் பேச்சுக் கொடுத்ததே காரணம். விமானத்தின் மீதும், பேரவையின் மீதும் குறை இல்லை. பெட்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப்படவில்லை.

“வருத்தப்படாதீங்கோ” என்று கேப்டன் வாசல்வரை வந்து சண்முகசுந்தரத்தின் தோளைத் தட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கண்ணுகளா. “உங்காத்து மாமியை இன்னொரு தரம் அழைச்சிண்டு வாங்கோ. அடுத்த தரம் கடல் இல்லாத ஊரா பாப்போம்.”

ஆட்டோவில் சண்முகசுந்தரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. இனிமேல் இவள் மொட்டைமாடிக்குக்கூட வரமாட்டாள் என்று நினைத்தார். பூஜாவிடம் எந்த வாயால் சொல்வது? தனியாகப் பெற்றுக்கொள் தாயி, உன் அம்மாவை நான் கடலில் போட்டுவிட்டு வந்தேன் என்றா? பனகல் பார்க் சிக்னலில் ஆட்டோ நின்றது.

“டிக்கெட் போட்டுருங்க” என்றாள் இசக்கியம்மாள்.

தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் நினைத்தார். “எதுக்கு?”

“சிங்கப்பூருக்குத்தான். பெறவு எதுக்கு? முதல்ல எது கெடைக்குதோ அதுல போடுங்க.”

ஏன் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் மனதை மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று விழுங்கிவிட்டார். அங்கேயே, ஆட்டோ நிற்கும்போதே, போனில் டிக்கெட் போட்டார்.

அந்த வாரமே கிளம்பினார்கள். உண்மையான மீனம்பாக்கம், உண்மையான விமானம். சண்முகசுந்தரத்துக்கு வேர்த்து வழிந்தது. இசக்கியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தானே தேடி எடுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டாள். முன்னால் மூடியிருந்த கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பணிப்பெண் பக்கத்தில் வந்ததும் அவள் கையை மெதுவாகப் பிடித்தாள்.

“யம்மா, முன்னால ஓட்டுறது எத்தனை பேரு?”

“ரெண்டு பேர்மா. ஒரு கேப்டன், ஒரு கோ-பைலட்.”

“ரெண்டே பேருதானா? நல்லாத் தெரியுமா?”

“ரெண்டே பேர்தாம்மா. ஏம்மா, பயமா இருக்கா?”

“திரும்பணும்னா உடனே திருப்பிருவாங்களா? கை தூக்கச் சொல்லிலாம் கேக்கமாட்டாங்களே?”

அந்தப் பெண் புரியாமல் சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள். வானத்தின் மேல் இருந்த பயம் இப்போது பேரவையின் மேல் போய்விட்டது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

“யாரையும் கேக்கமாட்டாங்கம்மா. திரும்பணும்னா திருப்பிடுவாங்க.”

“பெறவு ஏன் நிக்குது இன்னும்?” என்றாள் இசக்கியம்மாள். “போய்க் கெளம்பச் சொல்லு தாயி. எம் பொண்ணு அங்க ஒத்தையில கெடக்கா.”